கைது செய்ய வந்தவரிடம் காரணம் கேளுங்கள்

இரவு மணி பதினொன்று. இஷாத் தொழுகை முடிந்து, உணவும் முடிந்து, வீட்டில் விளக்குகள் அணைந்துவிட்டன. வாசற்கதவு தட்டப்படுகிறது. திறந்து பார்த்தால் காவல்துறையினர் நால்வர் நிற்கின்றனர். "உங்கள் மகன் எங்கே? ஒரு சிறு விசாரணை. முடிந்ததும் அனுப்பி வைக்கிறோம்" என்கின்றனர். வாப்பா வாயடைத்து நிற்கிறார். உம்மா அழத் தொடங்குகிறார். மகன் சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுகிறான். வண்டி தெருமுனையைக் கடந்த பிறகுதான் வீட்டாருக்கு நினைவு வருகிறது: வந்தவர்களின் பெயரைக் கேட்கவில்லை, எந்தக் காவல் நிலையம் என்று கேட்கவில்லை, என்ன வழக்கு என்றும் கேட்கவில்லை. விடியும் வரை ஒவ்வொரு நிலையமாக அலைகின்றனர். "இங்கே அப்படி யாரும் இல்லையே" என்பதே எங்கும் கிடைக்கும் பதில்.

இது நாம் கற்பனை செய்துகொண்ட காட்சிதான். ஆயினும் இத்தகைய இரவைக் கண்ட குடும்பங்கள் நம் நாட்டில் எல்லாச் சமூகங்களிலும் உண்டு. அந்த இரவில் அவர்கள் இழந்தது என்ன தெரியுமா? வாசற்படியிலேயே நான்கு கேள்விகள் கேட்கும் வாய்ப்பை இழந்தார்கள். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் கடமையைச் சட்டம் காவலர்மீது சுமத்தியிருக்கிறது. அதை அறியாத காரணத்தால் அவர்கள் கேட்கவில்லை. கேட்காத காரணத்தால் அவர்களும் சொல்லவில்லை.

குற்றம் செய்தவர் பிடிபட வேண்டும், விசாரிக்கப்பட வேண்டும், குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை பெற வேண்டும். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. காவல்துறை இல்லாத ஊரில் நம் வீட்டுக் கதவும் பத்திரமாக இராது. ஆனால் கைது என்பது தண்டனை அன்று. அது விசாரணையின் ஒரு படி மட்டுமே. அந்தப் படியில் காவலருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு, கைதானவருக்கு எதையெல்லாம் அறிவிக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருப்பது அவசியம். அதற்காகவே இக்கட்டுரை.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

ஒருவரைக் கைது செய்ய இரண்டு வழிகள் உள்ளன. நீதிமன்றம் பிறப்பிக்கும் பிடிவாரண்டின்படி கைது செய்வது ஒன்று. வாரண்ட் இல்லாமலேயே காவலர் தம் பொறுப்பில் கைது செய்வது மற்றொன்று. முன்னர் 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்த இந்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் இடம்பெற்றுள்ளன. பழைய சட்டத்தின் 41-ஆம் பிரிவு இன்று 35-ஆம் பிரிவாகியிருக்கிறது. பிரிவின் எண் மாறினாலும் அதன் உயிர் மாறவில்லை.

கொலை, கொள்ளை போன்ற கொடிய குற்றங்களில் வாரண்ட் இன்றிக் கைது செய்யலாம். ஆனால் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய குற்றமானால், புகார் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கைது செய்துவிட முடியாது. அவர் மேலும் குற்றம் செய்யாமல் தடுக்கவோ, முறையாகப் புலன்விசாரணை செய்யவோ, சாட்சியங்களை அழிக்காமல் இருக்கவோ, சாட்சிகளை மிரட்டாமல் இருக்கவோ, நீதிமன்றத்திற்கு வருவதை உறுதி செய்யவோ கைது தேவை என்று காவல் அதிகாரி மனநிறைவு கொள்ள வேண்டும். அந்தக் காரணத்தை எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டும். கைது செய்யாமல் விட்டாலும் அதற்கும் காரணம் எழுத வேண்டும்.

அப்படியானால் கைது தேவைப்படாத இடத்தில் என்ன செய்வது? இன்ன நாளில் இன்ன இடத்தில் வந்து ஆஜராகுமாறு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்பை மதித்து நடந்துகொள்பவரை, தனிக் காரணம் எழுதப்பட்டாலன்றிக் கைது செய்யக் கூடாது. 2014 ஜூலை 2-ஆம் நாள் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. இந்த விதியை மீறும் காவல் அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கும் உள்ளாவார் என்றும் அது எச்சரித்தது. ஆகவே அத்தகைய அறிவிப்பு உங்கள் வீட்டுக்கு வந்தால் அஞ்சி ஒளியாதீர்கள். அதைப் பெற்றுக்கொண்டு, ஒரு வழக்கறிஞரைக் கலந்து, குறித்த நாளில் செல்லுங்கள். ஒளிந்துகொள்வதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

முதியவர்களுக்கும் நோயுற்றவர்களுக்கும் புதிய சட்டம் ஒரு பாதுகாப்பைச் சேர்த்திருக்கிறது. குற்றம் மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரியதாயின், 60 வயதைக் கடந்தவரையோ உடல் நலிந்தவரையோ டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதி இன்றிக் கைது செய்ய முடியாது.

அதிகாரம் இருப்பது வேறு, தேவை இருப்பது வேறு

1994 ஜனவரி 7-ஆம் நாள் உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் நகரில் ஜோகிந்தர் குமார் என்னும் 28 வயது வழக்கறிஞர் ஒருவர் விசாரணைக்கென அழைக்கப்பட்டார். மாலையில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்கள். மாலையும் வந்தது, மறுநாளும் வந்தது, அவர் வரவில்லை. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதும் குடும்பத்தாருக்குத் தெரியவில்லை. அவர்கள் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார்கள். சட்டம் படித்த ஒருவருக்கே இந்த நிலை என்றால் சாமானியரின் கதி என்ன என்று எண்ணிப் பாருங்கள்.

அதே ஆண்டு ஏப்ரலில் தலைமை நீதிபதி வெங்கடாசலையா தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, கைது பற்றிய சட்டத்தில் ஒரு திருப்புமுனை. கைது செய்யும் அதிகாரம் இருக்கிறது என்பது ஒன்று. அதைப் பயன்படுத்த நியாயம் இருக்கிறதா என்பது வேறொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது என்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 1977-இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் தன் மூன்றாவது அறிக்கையில் சொன்ன ஒரு செய்தியையும் அது எடுத்துக்காட்டியது. நடைபெறும் கைதுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு தேவையற்றவை அல்லது நியாயமற்றவை என்பதும், சிறைச் செலவில் 43.2 விழுக்காடு இத்தகைய கைதுகளால் வீணாகிறது என்பதும் அந்த அறிக்கையின் கணிப்பு. இதைச் சொன்னவர்கள் காவல்துறையின் எதிரிகள் அல்லர். காவல்துறையைச் சீர்திருத்த அரசே அமைத்த ஆணையத்தினர்.

ஒரு கடிதம் தந்த பதினொரு கட்டளைகள்

1986 ஆகஸ்ட் 26-ஆம் நாள் மேற்கு வங்கச் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவரான டி.கே. பாசு, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். லாக்கப் மரணங்களைப் பற்றி நாளிதழ்களில் வந்த செய்திகளைச் சுட்டிக்காட்டி, இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தையே ஒரு மனுவாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் குல்தீப் சிங், ஏ.எஸ். ஆனந்த் ஆகியோர் வழங்கிய அத்தீர்ப்பில் பதினொரு கட்டளைகள் இருந்தன. அவற்றில் குடும்பத்தார் அறிய வேண்டியவை இவை:

கைது செய்ய வரும் காவலர் தம் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும் அடையாள அட்டை அணிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்றை அந்த இடத்திலேயே எழுத வேண்டும். அதில் நாளும் நேரமும் இருக்க வேண்டும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும். கைதானவரும் கையொப்பம் இட வேண்டும். தாம் கைதான செய்தியை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்கும்படி கேட்க அவருக்கு உரிமை உண்டு. அப்படி ஓர் உரிமை இருக்கிறது என்பதையே அவருக்குச் சொல்லவும் வேண்டும். கேட்டால், கைதாகும்போதே உடலைப் பரிசோதித்துச் சிறு காயம், பெருங்காயம் அனைத்தையும் எழுதி இருதரப்பும் கையொப்பமிட வேண்டும்; அதன் பிரதியைக் கைதானவருக்குத் தர வேண்டும். காவலில் இருக்கும்வரை 48 மணி நேரத்திற்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும்.

இக்கட்டளைகளை மீறுவது நீதிமன்ற அவமதிப்பாகும் என்றும் தீர்ப்பு கூறியது. பின்னர் இவற்றுள் பெரும்பாலானவை சட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. இன்று அவை புதிய சட்டத்தின் 36, 37, 38, 47, 48, 53 ஆகிய பிரிவுகளில் உள்ளன. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒவ்வொரு காவல் நிலையத்திலும், கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றைப் பேணி வைக்க ஓர் அதிகாரி நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த விவரம் எல்லாரும் பார்க்கும்படி வைக்கப்பட வேண்டும். விடியும் வரை அலைந்த அந்தக் குடும்பம் தேட வேண்டியிருந்தது இந்த அறிவிப்பைத்தான்.

எதையெல்லாம் அறிவிக்க வேண்டும்?

அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. கைதான எவருக்கும் அதற்கான காரணத்தை விரைவில் அறிவிக்க வேண்டும். தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கவும் அவர் மூலம் வாதாடவும் உள்ள உரிமையை மறுக்கக் கூடாது. இது முதல் வாக்குறுதி. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இது இரண்டாவது.

புதிய சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதை விரித்துரைக்கிறது. குற்றத்தின் முழு விவரத்தையும் உடனே சொல்ல வேண்டும். ஜாமீனில் விடத்தக்க குற்றமானால், ஜாமீன் பெறும் உரிமை உண்டு என்பதையும், பிணைதாரர்களுக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்பதையும் காவலரே தெரிவிக்க வேண்டும். 48-ஆம் பிரிவின்படி, கைதான செய்தியும் வைக்கப்பட்டிருக்கும் இடமும் உறவினருக்கு உடனே அறிவிக்கப்பட வேண்டும். 38-ஆம் பிரிவின்படி, விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம். ஆனால் விசாரணை முழுவதும் அவர் உடனிருக்க முடியாது.

காரணத்தை எந்த மொழியில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்வி 1962-இலேயே எழுந்தது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஹரிகிஷன் என்பவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார்கள். "எனக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் தாருங்கள்" என்று அவர் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். புரியாத மொழியில் தரப்பட்ட காரணம் தரப்படாத காரணமே என்ற கருத்தில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அண்மை ஆண்டுகளில் இக்கொள்கை மேலும் வலுப்பெற்றுள்ளது. 2023 அக்டோபரில் பங்கஜ் பன்சால் வழக்கில், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டக் கைதுகளில் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று தீர்ப்பானது. 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமான யு.ஏ.பி.ஏ. கைதுகளுக்கும் அதே விதி பொருந்தும் என்று தீர்ப்பானது. 2025 பிப்ரவரி 7-இல் விஹான் குமார் வழக்கில், காரணம் அறிவிக்கப்படாத கைது சட்டவிரோதமானது என்று கூறி அவரை விடுவிக்க உத்தரவிட்டார்கள். மருத்துவமனைக் கட்டிலோடு அவர் விலங்கிட்டுப் பிணைக்கப்பட்டிருந்ததையும் நீதிமன்றம் கண்டித்தது. மனைவியிடம் கைதுச் செய்தியைச் சொன்னோமே என்ற விளக்கமும் ஏற்கப்படவில்லை. கைதானதை உறவினருக்குச் சொல்வது ஒரு கடமை. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்கே சொல்வது வேறொரு கடமை.

2025 நவம்பர் 6-இல் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் தலைமை நீதிபதி கவாய் தலைமையிலான அமர்வு, எந்தக் குற்றமாயினும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று விதித்தது. கைது செய்யும் கணத்தில் எழுதித் தர இயலாவிட்டால் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்தவருக்குத் தமிழில் தர வேண்டும் என்பது இதன் பொருள். வேறு மாநிலத்தில் பிழைப்புக்காகச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளுக்கும், இங்கே வேலைக்கு வந்திருக்கும் பிற மொழியினருக்கும் இது பெரும் பாதுகாப்பு.

மௌனம் காக்கும் உரிமை

"நீங்கள் மௌனமாக இருக்கலாம், நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகப் பயன்படுத்தப்படலாம்" என்று காவலர் ஒப்பிப்பதை ஆங்கிலத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். 1963-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கைதான எர்னெஸ்டோ மிராண்டா என்பவர், இரண்டு மணி நேர விசாரணைக்குப் பின் ஒப்புதல் வாக்குமூலத்தில் கையொப்பமிட்டார். தமக்கு மௌன உரிமையும் வழக்கறிஞர் உரிமையும் உண்டு என்பதை எவரும் அவரிடம் சொல்லவில்லை. 1966-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதன் பிறகே அந்த எச்சரிக்கை வழக்கத்திற்கு வந்தது. மறுவிசாரணையில் வேறு சாட்சியங்களைக் கொண்டு அவர் மீண்டும் தண்டிக்கப்பட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். உரிமையைச் சொல்வதால் குற்றவாளி தப்பிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

நம் நாட்டில் வழி வேறு. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கூறுகிறது. இந்த உரிமை நீதிமன்றத்தில் மட்டுமன்றிக் காவல் நிலைய விசாரணையிலும் உண்டு என்று 1978-இல் நந்தினி சத்பதி வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒரிசாவின் முதலமைச்சராக இருந்தவரே அந்த வழக்கின் மனுதாரர். மேலும், காவல் அதிகாரியிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலை வழக்கில் சாட்சியமாக மெய்ப்பிக்க முடியாது என்பது ஆங்கிலேயர் காலத்திலிருந்தே நம் சட்டம். 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த அவ்விதி, இன்று பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23-ஆம் பிரிவில் உள்ளது. ஆனால் ஒரு விலக்கு உண்டு. அவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்குக் காரணமான பகுதியை மட்டும் சாட்சியமாகக் கொள்ளலாம். தடா, பொடா சட்டங்கள் நடப்பில் இருந்த காலத்தில் எஸ்.பி. நிலை அதிகாரியிடம் அளித்த ஒப்புதலும் சாட்சியமாயிற்று. தடா 1995-இல் காலாவதியானது; பொடா 2004-இல் நீக்கப்பட்டது.

விசாரணையின்போது காவலர் எழுதும் வாக்குமூலத்தில் கையொப்பமிடும்படி கேட்கச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே வெற்றுத் தாளில் எவர் கேட்டாலும் கையொப்பம் இடாதீர்கள். கைதுக் குறிப்பில் கையொப்பமிடுவதானால், படித்துப் பார்த்து, நேரம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்டு இடுங்கள். 24 மணி நேரக் கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் தொடங்குகிறது.

பெண்களும் பிள்ளைகளும்

சாட்சி விசாரணை என்ற பெயரில் பெண்களையும், 15 வயதுக்கு உட்பட்ட சிறுவர்களையும், 60 வயதைக் கடந்த ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் காவல் நிலையத்திற்கு வரச் சொல்ல முடியாது. அவர்கள் இருக்கும் இடத்திற்கே வந்து விசாரிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 179-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. விரும்பினால் அவர்களே வரலாம் என்றும் அது கூறுகிறது. விருப்பம் என்பது அவர்களுடையது.

பெண்ணைக் கைது செய்யும்போது ஆண் காவலர் அவரைத் தொடலாகாது. அவரைப் பெண்ணொருவரே, கண்ணியத்துடன் சோதனையிட வேண்டும். விதிவிலக்கான சூழ்நிலை தவிர, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. அத்தகைய சூழ்நிலையிலும் பெண் காவல் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற வேண்டும். 2025-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இவ்விதியை மீறியதாலேயே கைது செல்லாததாகிவிடாது என்றும், ஆனால் மீறிய அதிகாரி தக்க விளக்கம் தர வேண்டும் என்றும் கூறியிருக்கிறது.

நம் இல்லங்களுக்கு நெருக்கமான ஒரு விதியும் உண்டு. கைது செய்யப்பட வேண்டியவர் ஒரு வீட்டினுள் இருப்பதாக நம்பினால் காவலர் உள்ளே நுழையலாம். அனுமதிக்காவிட்டால் கதவை உடைத்தும் நுழையலாம். ஆனால் வழக்கப்படி அந்நியர் முன் வராத பெண்கள் இருக்கும் அறையாயின், முதலில் அவர்களுக்கு அறிவித்து, வெளியேறிச் செல்ல உரிய வசதியையும் செய்து தந்த பின்னரே நுழைய வேண்டும். 44-ஆம் பிரிவில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. பதற்றமின்றி, உரத்த குரலில் அல்லாமல், "பெண்கள் விலகிக்கொள்ளச் சற்று நேரம் தாருங்கள், சட்டம் அப்படித்தான் சொல்கிறது" என்று கேளுங்கள்.

18 வயது நிறையாத பிள்ளையை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அவரை 24 மணி நேரத்திற்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எனவே பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மாஜிஸ்திரேட் முன்னிலையில்

மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும் அந்தச் சில நிமிடங்கள் மிக முக்கியமானவை. சிறைக்கு அனுப்புவதா, ஜாமீனில் விடுவதா, காவல்துறை விசாரணைக்கு ஒப்படைப்பதா என்பது அங்கேதான் முடிவாகிறது. அடித்தார்களா, காயம் உண்டா, காரணம் சொன்னார்களா, வீட்டுக்குத் தகவல் போயிற்றா என்பதையெல்லாம் அங்கே வாய்திறந்து சொல்ல வேண்டும். "வெளியே போய்ச் சொல்லாதே" என்று மிரட்டப்பட்டிருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டதைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம்.

2020 ஜூன் 19-ஆம் நாள் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்தை மீறிக் கடை திறந்திருந்ததாகக் கூறித் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டனர். மறுநாள் அவர்கள் ரிமாண்ட் செய்யப்பட்டுக் கோவில்பட்டிச் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அந்த வாரத்திலேயே, ஒருவர் பின் ஒருவராக இருவரும் உயிரிழந்தனர். மருத்துவப் பரிசோதனை, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல், சிறை அனுமதி ஆகிய மூன்று வாசல்களையும் கடந்துதான் ஒரு கைதி சிறைக்குள் போகிறார். மூன்று வாசல்களிலும் ஒருவராவது நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே சட்டம் அவற்றை வைத்திருக்கிறது. அவை வெறும் சடங்காகிவிட்டால் உயிரே போகிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று கலங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவராயினும், வருமானம் எதுவாயினும், இலவச சட்ட உதவிக்குத் தகுதியுடையவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவ்வாறே. தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் உதவித் தொலைபேசி எண் 15100.

தடுப்புக் காவல் தனி

மேற்கண்டவை எல்லாம் வழக்கமான கைதுகளுக்குரியவை. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் 14, அதாவது மக்கள் குண்டர் சட்டம் என்று அழைப்பது, 1980-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை தடுப்புக் காவல் சட்டங்கள். அவற்றில் 24 மணி நேர விதியும், வழக்கறிஞர் மூலம் வாதாடும் அரசியல் சட்ட உரிமையும் பொருந்தா. எனினும் காரணங்களை எழுத்தில் தர வேண்டும். குண்டர் சட்டத்தில் ஐந்து நாட்களுக்குள் தர வேண்டும். அவற்றை மறுத்து மனு அளிக்க விரைவில் வாய்ப்பும் தர வேண்டும். அறிவுரைக் குழுமம் பரிசீலிக்கும். மனு தாமதமாகப் பரிசீலிக்கப்பட்டது, புரியும் மொழியில் பிரதிகள் தரப்படவில்லை என்பன போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றங்கள் பல ஆணைகளை ரத்து செய்துள்ளன. ஆகவே மனம் தளராமல் மனு அளியுங்கள்.

வீட்டார் செய்ய வேண்டியவை

1. வந்தவர்களின் பெயர், பதவி, காவல் நிலையம், வண்டி எண் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். வந்த நேரத்தையும் எழுதுங்கள்.

2. "இது கைதா, விசாரணைக்கான அழைப்பா?" என்று கேளுங்கள். கைது என்றால் காரணத்தையும் கைதுக் குறிப்பையும் கேளுங்கள். அழைப்பு என்றால் எழுத்து மூலம் அறிவிப்புக் கேளுங்கள்.

3. சாட்சிக் கையொப்பத்திற்குக் குடும்பத்தில் ஒருவர் முன்வாருங்கள். இயலாவிட்டால் அண்டை வீட்டாரையோ, ஆசிரியரையோ, ஜமாஅத் பெரியவரையோ அழையுங்கள்.

4. வாக்குவாதம் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம், தப்பி ஓடவும் வேண்டாம். கைதைத் தடுப்பதே தனிக் குற்றம். நியாயத்தைக் கேட்கும் இடம் நீதிமன்றம்.

5. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவராயின் மருந்துகளையும் மருந்துச் சீட்டையும் கொடுத்து அனுப்புங்கள். கைதானதும் மருத்துவப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். அறிக்கையின் பிரதியைக் கேட்டுப் பெறலாம்.

6. உடனே வழக்கறிஞருக்கும், இல்லையேல் 15100 எண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள்.

7. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை என்றால் மாவட்டக் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேளுங்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், மாஜிஸ்திரேட், மாநில மனித உரிமை ஆணையம் ஆகியோருக்கு எழுதுங்கள். அந்நாளில் இதற்குத் தந்தி அடிப்பார்கள்; தந்தியில் இருந்த நாளும் நேரமும் பின்னர் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றன. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுவிட்டது. இன்று மின்னஞ்சலும் விரைவுத் தபாலும் அந்த வேலையைச் செய்யும்.

8. 24 மணி நேரம் கடந்தும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவில்லையெனில், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம்.

அன்பு வாசகர்களே! டி.கே. பாசு வழக்கின் தீர்ப்பில் பலர் கவனிக்காத ஒரு பகுதி உண்டு. தான் விதித்த கட்டளைகளை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் கண்ணில் படும் இடத்தில் எழுதிவைக்க வேண்டும் என்று சொன்ன நீதிமன்றம், அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் ஒலிபரப்பி ஒளிபரப்பினால் பயன் உண்டு என்றும், அந்தந்த வட்டார மொழியில் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு மக்களுக்கு வழங்கலாம் என்றும் கூறியிருந்தது. உரிமை இருப்பது மட்டும் போதாது, அது உரியவரின் காதுக்கு எட்ட வேண்டும் என்பதை நீதிபதிகள் அறிந்திருந்தார்கள்.

ஆகவே இந்தப் பக்கத்தைப் பத்திரப்படுத்தி வையுங்கள். கல்லூரிக்குப் போகும் மகனுக்கும் மகளுக்கும் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாத அண்டை வீட்டாருக்கு வாய்மொழியாகச் சொல்லுங்கள். அவர் எந்தச் சமயத்தவராயினும் சொல்லுங்கள். என்றேனும் ஓர் இரவு உங்கள் தெருவில் ஏதேனும் ஒரு கதவு தட்டப்பட்டால், அந்த வீட்டில் ஒருவராவது பணிவாகவும் உறுதியாகவும் கேட்கட்டும்: "ஐயா, என்ன காரணம்? எந்த நிலையம்? எழுத்தில் தருவீர்களா? எப்போது மாஜிஸ்திரேட் முன் கொண்டு போவீர்கள்?"

இந்த நான்கு கேள்விகளையும் கேட்பதற்குச் சட்டப் படிப்புத் தேவையில்லை.